48 வினாடி எங்கிருந்து வந்தது: பல்லடம் பக்கத்து டைம் ட்ரையல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். ஒரு பம்ப் எத்தனை அடி ஹெட்டில், அதாவது எத்தனை அடி உயரத்துக்கு, எத்தனை லிட்டர் தள்ளுகிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்து எழுதுவதே அன்றாட வேலையாக இருப்பதால், சொந்த விவகாரத்தையும் அதே முறையில் எழுதிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இந்த அறிக்கையில் சோதனைக்கு உட்பட்ட இயந்திரம் நான்தான்: வயது 43, எடை 70 கிலோ, வண்டி, 9 கிலோ எடையுள்ள அலுமினிய ரோடு பைக். 20 கி.மீ. தனிநபர் டைம் ட்ரையலில் 2022 மார்கழியில் எடுத்த 34 நிமிடம் 41 வினாடி என்ற என் சொந்தச் சிறந்த நேரத்தை அடுத்த இரண்டாண்டுகள் ஏன் தொட முடியவில்லை, 2025 தை மாதத்தில் அது எப்படி 33 நிமிடம் 53 வினாடியானது என்பதே ஆய்வுக்குரிய கேள்வி.

டைம் ட்ரையல், எங்கள் பேச்சில் டி.டி., வேடிக்கை பார்க்க வருபவருக்குச் சுவையற்ற போட்டி. ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவார்கள். முன்னால் போகிறவரை எட்டிப் பிடித்துவிட்டால் அவர் முதுகுக்குப் பின்னால் காற்று மறைவில் ஒண்டிக்கொண்டு வரக் கூடாது. ஒதுங்கிக் கடந்துவிட வேண்டும், கடக்கப்பட்டவரும் பின்தங்கி இடைவெளி விட்டுவிட வேண்டும். எனவே கூட்டமாக ஓட்டும் பந்தயத்தின் தந்திரமும் கடைசிப் பாய்ச்சலும் இங்கே செல்லுபடியாகாது. எங்கள் வட்டாரத்தில் இதை நடத்துவது முப்பது பேருக்குள் அடங்கும் ஒரு சிறு குழு. பரிசு கிடையாது, முடிந்ததும் டீயும் பன்னும் உண்டு. கைப்பிடியின்மேல் நீட்டிக் கட்டும் ஏரோ பார் எங்கள் பிரிவில் கூடாது என்பதும், ஹெல்மெட் இல்லாதவரைப் புறப்பட விடுவதில்லை என்பதும் மட்டுமே கறாரான விதிகள். நேரம் குறிப்பவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன். கையில் ஸ்டாப் வாட்ச், மடியில் நோட்டு. அவர் இந்த ஆய்வில் பின்னால் மறுபடியும் வருவார்.

பாதை, பல்லடத்துக்குத் தெற்கே காற்றாலைகள் நிற்கும் மேட்டுக்காடுகளின் நடுவே கிழக்கு மேற்காக ஓடும் ஒரு கிளைச்சாலை. கிழக்கு முனையில் புறப்பட்டு, மேற்கே 10 கி.மீ. போய், நடுச்சாலையில் வைத்திருக்கும் தார் டிரம்மைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். ஆறாவது கிலோமீட்டரில் ஒரு பள்ளத்தைக் கடக்கும் தரைப்பாலம் தவிர ஏற்ற இறக்கம் என்று சொல்லத்தக்கது இல்லை. ஆனாலும் இந்தச் சீமையில் ஒரு சாலையைச் சமதளம் என்று எழுதி நிறுத்திவிட முடியாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கி.மீ.க்கு மேல் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, வைகாசி தொடங்கி ஆவணி கடந்தும் மேற்கிலிருந்து காற்று பாய்ந்துகொண்டிருக்கும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் வந்து குவிந்ததற்கு அந்தக் கணவாய்தான் காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்களில் பழமொழி. இங்கே அது ஏறக்குறைய வானிலை அறிக்கை. மார்கழி, தையில் திசை மாறிக் கிழக்கிலிருந்து மெல்லிய காற்று வரும். எந்த மாதமானாலும் பொழுது கிளம்புவதற்கு முன்பு தரையை ஒட்டிய காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறக் கூடும். அதனால்தான் எங்கள் முதல் ஆள் காலை ஆறரைக்கே புறப்பட்டுவிடுவார்.

காற்றாலையைப் பார்த்துக் காற்றை அளக்கலாம் என்று நினைத்ததே நான் செய்த முதல் பிழை. காற்றாலை திசையைச் சரியாகச் சொல்லும்; அதன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கமிருந்துதான் காற்று வருகிறது. வேகத்தை அதனிடம் கேட்கக் கூடாது. இறக்கையின் நடுப்பகுதி ஐம்பது மீட்டருக்கு மேல் நிற்கிறது, என் தலை ஒன்றரை மீட்டருக்குக் கீழே போகிறது. இரண்டு உயரத்திலும் வீசும் காற்று ஒன்றல்ல. தரையில் வீசுவதைத் தெரிந்துகொள்ள ஊர் முக்கில் நட்டிருக்கும் கட்சிக் கொடிகளும் காட்டில் நிற்கும் சோளத்தட்டுமே நம்பத் தகுந்தவை என்று பிற்பாடு புரிந்தது.

தோல்விகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 2023 பங்குனியில் 35 நிமிடம் 22 வினாடி. அதே ஆண்டு ஆனியில், மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, உரத்து வீசிய நாளில், 36 நிமிடம் 41 வினாடி. அதாவது பழைய நேரத்தைவிடச் சரியாக இரண்டு நிமிடம் கூடுதல். கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலையில், 35 நிமிடம் 9 வினாடி. மூன்று முறையும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட விளக்கம் ஒன்றே: காலில் பலம் போதவில்லை. எனவே அந்த ஆண்டு முழுவதும் மலை ஏறினேன். விடிகாலை மருதமலைச் சாலை, மாதம் ஒருமுறை ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக வால்பாறை. நான்கு கிலோ இளைத்தேன். வால்பாறைக்குப் போய்ச் சேரும் நேரம் நன்றாகவே குறைந்தது. டி.டி. நேரம் குறையவில்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்ட பிறகே ஒப்புக்கொண்டேன். மலையில் எடைதான் எதிரி. சமதளத்தில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் போகும்போது காலிலிருந்து சக்கரத்துக்கு வந்து சேரும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. டயர் சாலையோடு தேய்வதற்குப் போகும் மிச்சத்தில்தான் எடைக்கு வேலை. நான்கு கிலோ குறைந்ததால் 20 கி.மீ.யில் எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஏழெட்டு வினாடி. அதற்காக ஓராண்டு தயிரும் நெய்யும் தொடாமல் இருந்தேன் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். நான்கு கிலோவும் பிறகு திரும்பி வந்துவிட்டது. மேலே எழுதிய 70 கிலோ அதையும் சேர்த்துத்தான்.

என் வண்டியில் பெடலைத் தாங்கும் கிராங்கில் 2022 முதலே ஒரு பவர் மீட்டர் இருந்தது. மிதிக்கும் வாட்டை அது பதிவு செய்துகொண்டே வரும். நான் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். 2023 கார்த்திகை ஓட்டத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பதிவுகளையும் எடுத்து, தொழிற்சாலையில் பம்புக்குச் செய்வதுபோல ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதினேன். சிறந்த நேரம் வந்த நாளில் சராசரி 235 வாட். மற்ற மூன்று நாட்களில் 233, 234, 236. குதிரைத் திறனில் சொன்னால், 746 வாட் ஒரு எச்.பி. என்ற கணக்கில், நான் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத மோட்டார். ஆனால் மாறாத மோட்டார். எந்த நாளிலும் அது தன் வேலையைக் குறைத்துச் செய்யவில்லை. நேரம் மட்டும் இரண்டு நிமிட அகலத்துக்கு மேலும் கீழும் ஆடியிருக்கிறது.

பம்ப் தொழிலில் இருப்பவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. தோட்டத்துக்காரர் வந்து தண்ணீர் குறைவாக விழுகிறது, பெரிய மோட்டார் வேண்டும் என்று கேட்பார். நாங்கள் முதலில் கேட்பது, என்ன பைப் போட்டிருக்கிறீர்கள், பைப்பில் எத்தனை பெண்டு, அதாவது வளைவு, என்பதுதான். ஒடுங்கிய பைப்பில் தண்ணீரை வேகமாகத் தள்ளினால் உராய்வு இழப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதற்குத் தேவைப்படும் ஆற்றல் கனத்தில் ஏறும். இரண்டு மடங்கு தண்ணீருக்கு எட்டு மடங்கு மின்சாரம். அரை அங்குலம் பெரிய பைப்பை மாற்றிக் கொடுத்தால் அதே மோட்டார் போதும். காற்றில் போகும் சைக்கிளுக்கும் இதே வாய்ப்பாடுதான்: எதிர்ப்பு வேகத்தின் வர்க்கம், ஆற்றல் கனம். இருபது ஆண்டுகளாக ஊராருக்குப் பைப்பை மாற்றச் சொன்னவன், தன் விஷயத்தில் ஓராண்டு மோட்டாரை முறுக்கேற்றிக்கொண்டிருந்தேன்.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்ல வரவில்லை. 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. டைம் ட்ரையல் நடந்தது. 50 வினாடி முன்னிலையோடு புறப்பட்ட லோரான் ஃபினியோன் தலைக்கவசம் இல்லாமல், பின்குடுமி காற்றில் ஆட ஓட்டினார். கிரெக் லெமாண்ட் ஏரோ பாரில் கைகளைக் குவித்துக் குனிந்து ஓட்டினார். அந்த ஒரு ஓட்டத்தில் லெமாண்ட் 58 வினாடி வேகமாக வந்து, மூன்று வாரப் பந்தயத்தை மொத்தம் 8 வினாடியில் வென்றார். இந்தக் கதை எங்கள் குழுவில் எல்லாருக்கும் மனப்பாடம், எனக்கும்தான். கதையைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அளந்து பார்த்தது

காற்றைச் செலுத்தி அளக்கும் காற்றுச் சுரங்கத்துக்கு (விண்ட் டன்னல்) போக வசதி இல்லாதவர் சாலையிலேயே ஓரளவு அளக்கலாம். 2024 தை முதல் பங்குனி வரை, சூலூர்ப் பக்கம் விடியுமுன் ஆள் நடமாட்டம் இல்லாத 2 கி.மீ. நேர்ச்சாலையில், 200 வாட்டை முடிந்தவரை அசையாமல் பிடித்துக்கொண்டு போகவும் வரவும் ஓட்டி, இரண்டு திசைக்கும் சராசரி எடுத்தேன். கொடி அசையும் நாளின் கணக்கைத் தள்ளிவிட்டேன். ஒவ்வொரு உட்காரும் முறைக்கும் குறைந்தது நான்கு சுற்று. இடையில் ஒருமுறை பழைய முறைக்கே திரும்பி ஓட்டி, முதலில் வந்த எண் மறுபடியும் வருகிறதா என்று சரிபார்த்தேன். இந்தக் கடைசி வேலையைப் பலரும் செய்வதில்லை. அதைச் செய்யாமல் எடுத்த அளவில் காலை நேரத்துக் காற்று மாறியதா, ஆள் மாறினானா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

என் வழக்கமான முறை, பிரேக் லீவர்களின் மேல் கை வைத்து, முழங்கையை நீட்டி, தலையை நிமிர்த்தியிருப்பது: 2 கி.மீ.க்கு 3 நிமிடம் 41 வினாடி. வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்தபோது 3 நிமிடம் 38. மறுபடியும் லீவர்களின் மேலேயே கை வைத்து, முழங்கையைச் செங்கோணத்துக்கு மடக்கி, முன்கை தரைக்கு இணையாக இருக்கும்படி உடலை இறக்கி, தோள்களை உள்ளே ஒடுக்கியபோது 3 நிமிடம் 35. கீழே பிடித்துக் குனிவதுதான் வேகமான முறை என்று நம்பியிருந்த எனக்கு இது புதிய செய்தி. நேராக நீளும் கை இரண்டும் காற்றுக்கு இரண்டு தூண்கள். மடங்கிய முன்கை காற்றின் திசையிலேயே படுத்துவிடுகிறது. அடுத்து கைப்பிடிக்குக் கீழிருந்த வளையங்களில் இரண்டை எடுத்து இன்னும் இறக்கிப் பார்த்ததில் ஒரு வினாடி கூடக் கிடைத்தது. ஆனால் தொடை மேலே வரும்போது வயிற்றில் இடித்து, மூச்சு முட்டி, அதே நாடித் துடிப்பில் பத்து வாட்டுக்கு மேல் குறைந்தது; ஒரு வளையத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன். பைப்பைப் பெரிதாக்கப் போய் மோட்டாரை நெரித்துவிடக் கூடாது.

வினாடியாகப் பார்த்தால் ஆறுதான். கணக்கில் போட்டால், உடல் காற்றுக்குக் காட்டும் பரப்பும் வடிவமும் சேர்ந்த அளவு 0.36 சதுர மீட்டரிலிருந்து 0.33 பக்கம் இறங்கியிருந்தது, 20 கி.மீ.க்கு ஏறக்குறைய 50 வினாடி.

கிடைத்ததை வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடு. முதல் நாள் அந்த முறையில் மூன்று நிமிடம் தாங்கினேன். பிறகு கழுத்தும் மேற்கையின் பின்தசையும் நடுங்கத் தொடங்கின. வீட்டுத் திண்ணையில், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் வண்டியை மாட்டி, வாரம் மூன்று நாள், ஐந்து நிமிடத்தில் தொடங்கி ஆனிக்குள் இருபத்தைந்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். என் தந்தையார் 1980-களில் சோமனூரிலிருந்து பல்லடத்துக்குக் கேரியரில் நூல் மூட்டை கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர். மேல்காற்றில் மூட்டையோடு வீடு திரும்பும்போது கைப்பிடிமேல் கவிழ்ந்துகொண்டு வருவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். திண்ணையில் நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது தந்தையாரிடம் அதை நினைவூட்டி, காற்றுக்குக் குனிய வேண்டும் என்று அப்போதே தெரிந்திருக்கிறதே என்று கேட்டேன். “காத்துக்குன்னு ஆரு சாமி குனிஞ்சா, இடுப்பு வலிக்குக் குனிஞ்சது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கட்டிங் மாஸ்டர் அண்ணன் வந்தது இந்தக் கட்டத்தில். என் ஜெர்சியின் தோள்பட்டையை இரு விரலால் கிள்ளி இழுத்து, “தம்பி, துணி ரெண்டு இஞ்ச் எச்சா இருக்குதுங்க, இத்தனையும் காத்துல படபடக்குமுங்க” என்றார். வாங்கிப் போனவர் மறுவாரம் பக்கத் தையலையும் கைத் தையலையும் பிடித்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டு நின்றால் கையை மேலே தூக்க முடியாது; குனிந்து வண்டியில் ஏறினால்தான் பொருந்தும். நிற்பதற்காகத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு குனிந்து ஓட்டுவதில் உள்ள அபத்தம், உலகத்துக்கே பனியன் தைக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. டயரிலும் ஒன்று மாற்றினேன். 25 மி.மீ. டயரில் 110 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று அடித்துக் கல் மாதிரி வைத்திருந்ததை விட்டு, 28 மி.மீ. டயரில் 80 ஆக்கினேன். ஜல்லி துருத்தி நிற்கும் தார்ச்சாலையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. அந்தத் தூக்கலுக்கான ஆற்றலும் காலிலிருந்துதான் போகிறது.

ஆடி: தோற்ற நாள்

2024 ஆடியில் நடந்த ஓட்டமே இந்த ஆய்வின் மையம் என்று கருதுகிறேன், அதில் பழைய நேரத்தை நான் முறியடிக்கவில்லை என்றாலும். காலை ஆறரைக்கே கொடிகள் விறைத்துக் கிழக்கு நோக்கி நின்றன. காற்றாலைகள் அத்தனையும் மேற்கே முகம் காட்டி நின்றன. “காத்து மேக்கால இருந்துங்க தம்பி, போறப்ப அடக்கிப் போங்க, வாரப்ப அது தள்ளிக் கொண்டாந்துரும்” என்றார் அண்ணன். அன்போடு சொன்னது, கணக்குக்கு நேர் மாறானது.

காற்று போகையில் பிடுங்கியதை வரும்போது திருப்பிக் கொடுத்துவிடும் என்பது சைக்கிள்காரர்கள் எல்லாரிடமும் உள்ள நம்பிக்கை. போகையில் மணிக்கு 28, வருகையில் 42 என்று வைத்துக்கொண்டால் சராசரி 35 என்று மனம் சொல்லும். 35-ல் 20 கி.மீ.க்கு 34 நிமிடம் 17 வினாடி ஆகும். ஆனால் 28-ல் 10 கி.மீ. கடக்க 21 நிமிடம் 26 வினாடி, 42-ல் 10 கி.மீ. கடக்க 14 நிமிடம் 17 வினாடி, ஆகமொத்தம் 35 நிமிடம் 43. மெதுவாகப் போகும் பகுதியில்தான் அதிக நேரம் இருக்கிறோம். எனவே அங்கே கூட்டும் ஒவ்வொரு வாட்டும் அதிக நேரத்தைக் குறைக்கிறது. பின்காற்றில் ஏற்கெனவே 43-ல் பறக்கும் வண்டிக்கு இருபது வாட் கூட்டினாலும் அவ்வளவாக ஏறாது. ஆகவே எதிர்காற்றில் 255, திரும்பி வருகையில் 210 என்று பிரித்துக்கொண்டேன். பலரும் செய்வது இதற்கு எதிர்: எதிர்காற்றில் வேகமானியில் 28-ஐப் பார்த்துச் சோர்ந்து அடக்குகிறார்கள், பின்காற்றில் 43-ஐப் பார்த்து உற்சாகத்தில் அமுக்குகிறார்கள்.

போக 21 நிமிடம் 10 வினாடி, வர 13 நிமிடம் 52 வினாடி. மொத்தம் 35 நிமிடம் 2 வினாடி. நோட்டில் எழுதிவிட்டு அண்ணன் என்னை ஆறுதலாகப் பார்த்தார். சிறந்த நேரத்தைவிட 21 வினாடி கூடுதல். நோட்டைப் பொறுத்தவரை இன்னொரு தோல்வி. ஆனால் இதை ஒப்பிட வேண்டியது மார்கழி ஓட்டத்தோடு இல்லை, முந்தைய ஆண்டு ஆனி ஓட்டத்தோடு. ஏறக்குறைய அதே காற்று, அதே சாலை, அதே வாட். 36 நிமிடம் 41 வினாடியாக இருந்தது 99 வினாடி குறைந்திருக்கிறது. தரைமட்டக் காற்றை மணிக்கு 14 கி.மீ. என்று வைத்துப் போட்ட கணக்கும் பழைய முறையில் 36 நிமிடம் 30 பக்கமே வரும் என்று சொன்னது. ஒரு பம்பை 40 அடி ஹெட்டில் வைத்து அளந்த டிஸ்சார்ஜை, அதாவது வெளிவரும் தண்ணீரின் அளவை, 100 அடி ஹெட்டில் வந்ததோடு ஒப்பிட்டு எவரும் அறிக்கை எழுதமாட்டார்கள். டைம் ட்ரையல் ஓட்டுபவர்கள் மட்டும் எல்லா நாளையும் ஒரே எண்ணால் அளந்துகொண்டு மனம் நோகிறோம். நானும் அப்படித்தான், கணக்கு நன்றாகத் தெரிந்த பிறகும் அன்று டீ இறங்கவில்லை.

தை: வந்த நாள்

2025 தை ஓட்டத்துக்கு முன்பு எதையும் புதிதாக மாற்றவில்லை. செயினைக் கழுவினேன். முந்தின நாள் இரவு புளிச்சாதம், காலையில் இரண்டு வாழைப்பழம், ஒரு காபி. மார்கழி ஓட்டத்தின் பதிவை மட்டும் மறுபடி பார்த்தேன். அன்று மெல்லிய கீழ்க்காற்று முதுகில் தள்ள, ஊக்கத்தில் போகும்போது 252 வாட், வரும்போது 219. போக 16 நிமிடம் 41, வர 18 நிமிடம். சிறந்த நேரம் என்று நான் இரண்டாண்டு போற்றிய ஓட்டம் பங்கீட்டில் இவ்வளவு மோசமானது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சிகூட ஏற்பட்டது. இம்முறை காற்று திரும்பும் வழியில் எதிரே வரும். சேமிக்க வேண்டியது போகும் வழியில்.

புறப்படும்போது வண்டியைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார். ஐந்து, நான்கு என்று அண்ணன் எண்ணுவது காதில் விழும். முதல் இரண்டு நிமிடம்தான் ஆபத்தானது. கால் புதிதாக இருப்பதால் 300 வாட் 200 மாதிரித் தெரியும். திரையில் 230-க்கு மேல் ஏறினால் கியரை ஒரு படி இலகுவாக்குவது என்று முடிவு செய்திருந்தேன். முதல் மூன்று கிலோமீட்டர் ஏமாந்துவிட்ட உணர்வோடுதான் போனேன், அவ்வளவு இலகுவாக இருந்தது. எனக்குப் பின்னால் புறப்பட்ட கல்லூரிப் பையன் தரைப்பாலத்துக்கு முன்பே என்னைக் கடந்து போனான். அவன் பின்னால் ஒட்டிக்கொள்ளக் கால் துடித்தது. விதி ஒருபுறம், அவன் வேகம் என் கணக்குக்கு உரியது அன்று. ஒதுங்கி இடைவெளி விட்டேன். டிரம்மைச் சுற்றும்போது நேரம் 16 நிமிடம் 38. மார்கழியைவிட 22 வாட் குறைவாக மிதித்து மூன்று வினாடி முன்னால் வந்திருக்கிறேன். முழங்கை மடக்கியதற்கான கூலி அங்கே கையில் கிடைத்தது.

திரும்பியதும் முகத்தில் காற்று பட்டது, பெரிதாக இல்லை. 242-ஐப் பிடித்துக்கொண்டேன். பதினான்காவது கிலோமீட்டர் வரை சாலையில் ஒரு பால்வண்டியும் ஒரு நாயும் தவிர எதுவும் இல்லை. அதற்கு அப்பால் சாலையின் இடப்பாதி மஞ்சளாகத் தெரிந்தது. மக்காச்சோளம். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் தார்ச்சாலைதான் களம். இரவே பரப்பிவிட்டு விடியலில் துழாவிவிடுவார்கள். பதினைந்து நிமிடம் முன்னால் அதே இடத்தைக் கடந்தபோது அது என் எதிர்ப்பக்கத்தில் இருந்திருக்கிறது. தலையைத் தாழ்த்தி ஓட்டியதில் நான் கவனிக்கவே இல்லை. திறந்த சாலையில் இந்த உட்காரும் முறையின் உண்மையான குறை இதுதான், அதை நான் மழுப்பப் போவதில்லை: பார்வை பத்துப் பதினைந்து மீட்டருக்குள் விழுந்துவிடுகிறது. ஊர் முக்கு, பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில் நிமிர்ந்துவிட வேண்டும் என்பதை நான் விதியாகவே வைத்திருந்தேன். சோளக் களம் என் பட்டியலில் இல்லை. எதிரே டிராக்டர் வந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் ஒதுங்க வழியில்லை. பிரேக்கைத் தொட்டு, நிமிர்ந்து, தானியத்தின் விளிம்பில் ஓர் அடி அகலத்துக்குத் தெரிந்த வெறும் தாரில் வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு கடந்தேன். பின்சக்கரம் சில மணிகளைத் தெறித்தது. மறுபடியும் 35-க்கு ஏறியபோது போனது ஐந்து வினாடி என்று பின்னர் பதிவில் பார்த்தேன்.

கடைசி நான்கு கிலோமீட்டரைப் பற்றி எழுதுவதற்கு அதிகம் இல்லை. வலித்தது. வர 17 நிமிடம் 15 வினாடி. மொத்தம் 33 நிமிடம் 53. சராசரி 236 வாட், மார்கழியைவிட ஒன்று கூடுதல். குறைந்த 48 வினாடியைப் பிரித்தால், உட்காரும் முறைக்கும் ஜெர்சிக்கும் சேர்த்து 40-க்குச் சற்று மேல், பங்கீட்டுக்குப் பத்துப் பக்கம், டயருக்கு ஓரிரண்டு. இவற்றின் கூட்டலில் ஐந்தைச் சோளம் திரும்ப எடுத்துக்கொண்டது. கட்டிங் மாஸ்டர் அண்ணன் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை; ஜெர்சி தனியாகவே பதினைந்து வினாடி என்கிறார். அதைத் தனித்துச் சோதித்துப் பார்க்காததால் என்னால் மறுக்கவும் முடியவில்லை.

டீ குடித்துவிட்டு அதே சாலையில் மெதுவாகத் திரும்பி வந்தபோது களத்தில் ஒரு அம்மா மரப்பலகையால் சோளத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். இறங்கி, தெறித்துப் போன மணிகளுக்காக வருத்தம் தெரிவித்தேன். “நாலு மணி போனாப் போவுதுங்க தம்பி, சறுக்கி உட்டிருந்தா என்னாவறது, பாத்துப் போகோணுமல்லங்க” என்றார். எனக்கும் அஞ்சு செகண்டு போய்விட்டது என்று சொன்னேன். அஞ்சு செகண்டா என்று ஒருமுறை கேட்டவர், நான் காலை வைத்திருந்த இடத்தைச் சுட்டி, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அங்கேயும் துழாவ வேண்டியிருந்தது.